அம்மாவின் ரேகை ரேஷன் கடையில் விழாது, ஆனால் அதே ரேகையில் வங்கிப் பணம் போயிருக்கிறது

பொருநைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. பதினாலு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். இலையைக் கத்தரித்து, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு பீடி. விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். 2020 கடைசியில் ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரே பாடு. கட்டைவிரல் வைப்பார், விழாது. ஆள்காட்டி விரல், விழாது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் 11ஆம் தேதி அம்மாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000 ரூபாய், மறுநாள் 8,400 ரூபாய் போயிருக்கிறது. அம்மாவிடம் ஏடிஎம் கார்டு கிடையாது, யுபிஐ கிடையாது. வைத்திருப்பது பட்டன் போன். யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. 16ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு செலவு பதியச் சொன்னபோதுதான் தெரிந்திருக்கிறது. இரண்டு வரிக்கும் பக்கத்தில் ‘ஏஇபிஎஸ்’ என்று இருக்கிறது. வங்கியில் கேட்டதற்கு, ‘உங்கள் அம்மா கைரேகை வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று சொல்லிவிட்டார்கள்.

அரிசி வாங்க விழாத ரேகை, முன்பின் தெரியாத ஒருவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் எடுக்க எப்படி விழுந்தது? இது எனக்குப் புரியவே இல்லை. அம்மா ராத்திரி தூங்காமல் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_வங்கியாளர்:

தம்பி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காரணம் எல்லாம் அப்புறம் பேசலாம்.

உடனே 1930க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை வங்கிக்குப் போய் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வாடிக்கையாளர் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு உண்டு. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். முக்கியமான ஒன்று: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை. ‘கைரேகை விழுந்திருக்கிறது’ என்ற ஒரு வார்த்தை நிரூபணம் ஆகாது. இதை உங்கள் கடிதத்திலேயே எழுதுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பணம் போனதற்கு எஸ்எம்எஸ் வந்ததா?


பொருநைக்கரையான்:

ஐயா, மிக்க நன்றி. எஸ்எம்எஸ் வரவில்லை. வங்கியில் கொடுத்திருந்தது என்னுடைய பழைய நம்பர். சென்னைக்கு வந்ததும் மாற்றிவிட்டேன், அங்கே போய் மாற்றிக் கொடுக்க மறந்துவிட்டேன். அது என் தப்புதான். 1930க்கு இப்போதே பேசிவிட்டேன். நாளை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போகிறேன்.


நிரல்வாணன்:

நான் பாதுகாப்புப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஏஇபிஎஸ் என்பது ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை. ஊருக்குள் ஒரு முகவர் சின்ன மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் பணம் எடுக்கத் தேவையானவை மூன்றே மூன்று: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல். ஓடிபி இல்லை, ரகசிய எண் இல்லை, கார்டு இல்லை. கணக்கில் ஆதாரை இணைத்திருந்தால் போதும், பெரும்பாலும் இந்த வசதி தானாகவே திறந்திருக்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆதார் எண் ரகசியம் இல்லை. ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், சிம் கடை என்று எத்தனை இடத்தில் கொடுத்திருப்போம். வங்கி எது என்று ஊகிப்பதும் கஷ்டமில்லை. மிச்சம் இருப்பது விரல். அந்த விரலும் ரகசியம் இல்லை என்பதுதான் இதில் அடிப்படைப் பிரச்சினை. நாம் தொடும் டம்ளரில், கதவில், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் உருட்டிய ஒவ்வொரு காகிதத்திலும் அது இருக்கிறது. 2002இலேயே ஜப்பானில் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமோட்டோ, கடையில் கிடைக்கும் ஜெலட்டினில் விரல் செய்து 11 வகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2014இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் புகைப்படங்களிலிருந்தே அவர் ரேகையை எடுத்துவிட்டதாக மேடையில் விளக்கினார். இங்கே வரலாம். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் விற்பனையாளர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த ரேகைகளை ரப்பர் முத்திரையாகச் செய்து ஆயிரக்கணக்கான சிம்களை இயக்கிவிட்டார். 2023இல் கர்நாடகாவில் பத்திரம் பதிந்த சில நாட்களிலேயே பணம் போனதாக நிறையப் புகார்கள் வந்தன.

உங்கள் அம்மா சமீபத்தில் ஏதாவது பத்திரத்தில் ரேகை வைத்தாரா?

அடுத்தது, ரேஷன் கடையில் ஏன் விழவில்லை என்பது. மெஷின் விரலின் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. முன்பு பதிந்த புள்ளிகளோடு போதுமான அளவு பொருந்தினால் ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’. தேய்ந்த விரலில் புள்ளிகள் குறைவு. அதனால் உயிருள்ள விரல் தோற்கிறது. நல்ல மையில், அழுத்தி உருட்டி, பெரிதாகப் பதிந்த ரேகையிலிருந்து செய்த நகலில் புள்ளிகள் தெளிவாக இருக்கும். அதனால் நகல் ஜெயிக்கிறது. முகவரே மோசடியில் கூட்டாக இருந்தால், வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறாரா என்று பார்க்கக்கூட ஆள் இல்லை.

ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில், புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து அது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்ததாக அறிவித்தது. ரிசர்வ் வங்கியும் முகவர்களைத் தீர விசாரித்துச் சேர்க்க வேண்டும் என்று 2025 ஜூனில் உத்தரவு போட்டது. இரண்டும் நல்லதுதான். ஆனால் கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். விரல் திருடு போனால்?


பொருநைக்கரையான்:

நிரல்வாணன், படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆமாம். தாத்தா இடத்தை மாமாவுக்கு விட்டுக்கொடுத்து அம்மா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், இருந்தாலும் எல்லாப் பக்கத்திலும் பெருவிரல் ரேகையும் வைத்தார். அதிலிருந்துதான் எடுத்தார்கள் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த வருடத்தில் அம்மா விரல் வைத்த வேறு இடங்களும் உண்டு: சிம் மாற்ற, நகைக்கடனுக்கு, மகளிர் குழுக் கடனுக்கு, ரேஷன் கடையில் மாதாமாதம்.

அம்மா போனில் கேட்டார்: “ஏய்யா, பூட்டுக்குச் சாவி மாத்துற மாதிரி எனக்கு வேற விரலு பதிஞ்சுக்கலாமா?” என்ன பதில் சொல்வது?


ஈரோட்டுக்காரன்:

நண்பரே, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். பணம் கண்டிப்பாகத் திரும்ப வர வேண்டும். ஆனால் இந்த இழை போகிற திசையைப் பார்த்தால் ஆதாரே வேண்டாம் என்று முடியும் போலத் தெரிகிறது. அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

நான் தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்காது. வங்கிக் கணக்கு திறக்க முடியாது, சம்பளத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறுவார்கள், வழியில் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்வார்கள். ஆதார் வந்த பிறகுதான் அவர்களுக்குக் கணக்கு வந்தது. என் அத்தை ஊரில் நூறு நாள் வேலைக் கூலியை முன்பு கையில் எண்ணித்தான் கொடுப்பார்கள். பட்டியலில் இருப்பது ஒரு தொகை, கைக்கு வருவது வேறு தொகை. இப்போது கணக்கில் நேராக விழுகிறது.

நீங்கள் குறை சொல்லும் அதே ஏஇபிஎஸ்தான், பஸ் இல்லாத ஊரில் இருக்கும் கிழவிக்குப் பணத்தை வாசலுக்குக் கொண்டுவருகிறது. கார்டு கொடுத்தால் ரகசிய எண்ணை அட்டையிலேயே எழுதி வைத்து அதையும் தொலைப்பார்கள். விரல்தான் அவர்களுக்கு எளிது. ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், கூட நிற்கிறேன். வீட்டை இடிக்கச் சொல்லாதீர்கள்.


நியாயவிலைக்கடை_ஊழியன்:

நான் தென்காசி மாவட்டத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். இந்த இழையை என் தம்பி அனுப்பினான்.

பீடி சுற்றுபவர்கள், செங்கல் சூளை வேலை, வயல் வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை, எழுபது தாண்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் ரேகை விழுவது கஷ்டம். கையைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ரேகை விழவில்லை என்று பொருள் கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் அப்படி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் மாதத்தின் முதல் வாரம், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், வாசலில் எண்பது பேர் நிற்பார்கள். அந்த நேரத்தில் மாற்று வழியில் பில் போட ஒருவருக்கு ஆகும் நேரத்தில் மற்ற ஐந்து பேருக்குப் போட்டுவிடலாம். அதனால் ‘அம்மா, நாளைக்கு வாங்க’ என்று சொல்லிவிடுகிறோம். நாளைக்கு வருவதென்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நடப்பது இதுதான்.

பொருநைக்கரையான் தம்பிக்கு இரண்டு யோசனை. அம்மாவின் ரேகையை ஆதார் மையத்தில் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பல வருடத்துக்கு முன்னால் பதிந்ததாக இருக்கும், விரல் இப்போது மாறியிருக்கும். போகும்போது பத்து விரலில் எது நன்றாக விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பீடி சுற்றுபவர்களுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மோசம், மோதிர விரல் தப்பியிருக்கும். இன்னொன்று, கருவிழிக் கருவி வந்திருக்கும் கடைகளில் அதைக் கேட்டு வாங்குங்கள்.


வைகைக்கரை_வக்கீல்:

ஈரோட்டு நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ‘ஓட்டையை அடைப்பது’ யார் பொறுப்பு என்று சட்டத்தில் தேடினால்தான் சிக்கல் தெரியும்.

கொஞ்சம் வரலாறு. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் தெம்ப்லி என்ற ஆதிவாசி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. அதற்கான சட்டம் வந்தது 2016இல். ஆக, கோடிக்கணக்கானவர்களின் விரலும் விழியும் சட்டம் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. அந்தச் சட்டமும் பண மசோதாவாக நிறைவேறியது, அதாவது மாநிலங்களவையால் அதை மாற்ற முடியாத வழியில்.

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி 2012இல் வழக்குப் போட்டபோது அவருக்கு 86 வயது. அந்த முதியவரின் வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதார் சட்டம் செல்லும் என்றனர். மானியத்துக்கு ஆதார் கேட்கலாம், தனியார் நிறுவனங்கள் 57ஆம் பிரிவை வைத்துக் கேட்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு, பண மசோதாவாகக் கொண்டுவந்ததே அரசியலமைப்புக்குச் செய்த மோசடி என்று எழுதினார். இங்கே தனித்து நின்ற அந்தத் தீர்ப்பைத்தான் 2019இல் ஜமைக்காவின் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, அந்த நாட்டின் அடையாளச் சட்டத்தை ரத்து செய்தது.

அடைத்த கதவு மறுபடி மெதுவாகத் திறந்தது. 2019 திருத்தம், வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் ‘விருப்பப்பட்டால்’ என்ற சொல்லோடு வழி கொடுத்தது. 2025 ஜனவரியில் வந்த விதிகள் மற்ற தனியார் அமைப்புகளும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வழி செய்தன. கவுன்டரில் நிற்கும் ஒருவருக்கு ‘விருப்பப்பட்டால்’ என்பதற்கு என்ன பொருள் இருக்கிறது?

இழப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவைக் காக்கத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. முக்கூடல் அம்மாவின் விரல் ரேகை எங்கோ கசிந்தது என்று நாளை நிரூபித்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அவர் கைக்கு ஒரு ரூபாய் வராது. இந்த வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன், இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.


யாழ்_நிலா:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலை ஒரு கிழமையாக வாசித்துக்கொண்டு வாறேன். எங்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்தியாவின் நிதி உதவியோடுதான் நடக்கிறது. 2023 ஓகஸ்டில் முற்பணமாக மட்டும் 45 கோடி இந்திய ரூபாய் தரப்பட்டது. விரல், விழி, முகம் எல்லாம் எடுக்கப் போகிறார்கள்.

பணம் களவு போவது பற்றி நீங்கள் கதைக்கிறீர்கள். அது பெரிய விசயம்தான். எனக்கு வாற பயம் வேறு. போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதைப் பார்க்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்கள் நாங்கள். அப்போது கொழும்பில் தமிழர் தங்கினால் பொலிஸ் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. 2007 யூன் 7 அன்று விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை, நூற்றுக்கணக்கான பேரை, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்று சொல்வது) அதைத் தடுத்தது. என்னுடைய பெரியப்பாவும் அதில் ஒருவர். இருதய வைத்தியத்துக்குப் போனவர். ஆர் எந்த லொட்ஜில் இருக்கிறார் என்று பட்டியல் இருந்தபடியால்தான் அவ்வளவு கெதியாகச் செய்ய முடிந்தது. அது கடதாசிப் பட்டியல். அதுவே விரலோடும் முகத்தோடும் ஒரு கணினிக்குள் இருந்தால்?

ஈரோட்டு அண்ணை, காகிதம் இல்லாத ஆளுக்கு அடையாளம் வேணும் என்பதை நான் மறுக்கவில்லை. இடம்பெயர்ந்து அட்டை தொலைத்த ஆட்களுக்கு அந்தக் கஷ்டம் வடிவாகத் தெரியும். ஆனால் இன்றைக்கு இருக்கிற அரசை மட்டும் பார்த்து இதைக் கட்டக் கூடாது. இனி வரப்போகிற அரசையும் யோசிக்க வேணும்.


நிரல்வாணன்:

நிலா சொல்வதற்கு ஒரு சமீப உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய, விரலும் விழியும் முகமும் பதியும் கையடக்கப் பயோமெட்ரிக் கருவிகள் தாலிபான் கையில் சிக்கின. தங்களுக்கு உதவிய ஆப்கானியர்களை அடையாளம் காணவும் அமெரிக்கர்கள் வைத்திருந்த கருவிகள் அவை. சேகரித்தபோது இருந்த காரணமும் கடைசியில் யார் கைக்குப் போனது என்பதும் நேர் எதிர். பிரிட்டன் 2006இல் அடையாள அட்டைச் சட்டம் போட்டு, ஆட்சி மாறியதும் 2010இல் அதை நீக்கி, 2011 பிப்ரவரியில் அந்தத் தரவு இருந்த வட்டுகளைத் தூள் தூளாக்கியது. சேகரித்ததை அழிக்கவும் ஒரு அரசால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊர் விவாதம் எப்போதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ‘ஆதார் தரவு இருக்கும் மையக் களஞ்சியம் உடைக்கப்பட்டதா, இல்லையா?’ 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல், தரவு 13 அடி உயரம், ஐந்து அடி கனம் உள்ள சுவருக்குள் இருக்கிறது என்றார். களஞ்சியத்திலிருந்து பயோமெட்ரிக் கசியவே இல்லை என்று ஆணையம் தொடர்ந்து சொல்கிறது. சரி, அதை அப்படியே நம்புவோம். ஆனால் இந்த அம்மாவின் பணத்தை எடுத்தவன் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லையே. போக வேண்டிய அவசியமும் இல்லை. விரல் எங்கோ ஒரு காகிதத்தில் கிடைத்தது, எண் எங்கோ ஒரு ஜெராக்ஸில் கிடைத்தது. 2017இல் அரசுத் துறைகளின் சுமார் 210 இணையதளங்களே பயனாளிகளின் ஆதார் எண்ணை வெளியே காட்டிக்கொண்டிருந்ததாக ஆணையம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொன்னது. 2018 ஜனவரியில் ஒரு நாளிதழ் நிருபர் 500 ரூபாய் கொடுத்து, எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயரும் முகவரியும் வரும் உள்நுழைவை வாங்கிக் காட்டினார். அவர் மேல் வழக்குப் பதிந்தார்கள். அடுத்த வாரமே, எண்ணை மறைக்க 16 இலக்க மாற்று எண்ணை அறிவித்தார்கள்.

என்னைக் கேட்டால், விரலைப் பெயர் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ‘இவர் இன்னார்’ என்று ஒரு தடவை பதியும்போது, ஒரே ஆள் இரண்டு முறை பதியாமல் பார்க்க அது உதவும். ஆனால் பணப்பெட்டியின் சாவியாக அதை மட்டும் வைக்கக் கூடாது. நம் பெயர் ஊருக்கே தெரியும். அதனால் நமக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை, பெயரைச் சொன்னதும் யாரும் பெட்டியைத் திறந்து கொடுப்பதில்லை என்பதால்.


ஈரோட்டுக்காரன்:

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். பணம் எடுக்க விரல் மட்டும் போதும் என்பது தப்பு. ஒரு நாலு இலக்க எண்ணாவது கூட வேண்டும்.

ஆனால் யாருக்கு அந்த நாலு இலக்கம் ஞாபகம் இருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் பட்டறைப் பையன்களுக்கு இருக்கும். என் பாட்டிக்கு இருக்காது. பாட்டிக்காகத்தான் விரல் என்றார்கள், இப்போது பாட்டிதான் அதிகம் பறிகொடுக்கிறாள் என்றால், இதை வடிவமைத்தவர்கள் பாட்டியோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நிலா சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் அப்படிப் பயந்து வாழவில்லை, அதனால் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை.


பொருநைக்கரையான்:

ஊருக்கு வந்துவிட்டேன். வங்கியில் புகார் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். ஓய்வுபெற்ற வங்கியாளர் ஐயா சொன்ன சுற்றறிக்கையைக் கடிதத்தில் தேதியோடு எழுதியதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. உட்காரச் சொன்னார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆதார் தளத்தில் அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுப் பூட்டியும் விட்டேன். ஆனால் பூட்டினால் விரல், விழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளுமாமே. அப்படியென்றால் ரேஷன் கடையிலும் விழாதே? ஒவ்வொரு மாதமும் கடைக்குப் போகும் முன் திறந்துவிட வேண்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் திறந்திருக்கும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நான் சென்னையில் இருந்துகொண்டு, அம்மா வரிசையில் முன்னால் வரும் நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பூட்டு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை.


ஓய்வுபெற்ற_வங்கியாளர்:

நல்ல கேள்வி தம்பி. எனக்குத் தெரிந்த எளிய வழி இது.

அரசுப் பணம் ஆதார் மூலமாகக் கணக்குக்கு வருவது ஒரு ஏற்பாடு. விரல் வைத்துக் கணக்கிலிருந்து எடுப்பது வேறு ஏற்பாடு. இரண்டாவதை நிறுத்தினாலும் முதலாவது நிற்காது. ஆகவே ‘இந்தக் கணக்கில் ஏஇபிஎஸ் வழியாகப் பணம் எடுக்கும் வசதி வேண்டாம்’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும், சிலர் ‘அப்படி ஒன்று இல்லை’ என்பார்கள். எழுத்தில் பதில் கேளுங்கள்.

அது நடக்கும்வரை, ஆதார் இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கை வேறு வங்கியில் தொடங்கி, சேர்த்து வைத்த பணத்தை அங்கே மாற்றிவிடுங்கள். அரசுப் பணம் விழும் கணக்கில் அந்த மாதச் செலவுக்கு உள்ளதை மட்டும் விடுங்கள். வங்கிக் கணக்கைக் கட்டாயமாக ஆதாரோடு இணைக்கச் சொல்லும் விதியை 2018 தீர்ப்பு ரத்து செய்துவிட்டது. கவுன்டரில் வற்புறுத்தினால் வாக்காளர் அட்டையைக் கொடுத்துக் கேட்கலாம்.

ஆதார் தளத்திலேயே, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் அம்மாவின் ஆதார் எங்கெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்ற வரலாறு கிடைக்கும். அதை இறக்கி அச்சடித்துப் புகாரோடு சேருங்கள்.


பொருநைக்கரையான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். காத்திருந்தவர்களுக்கு நன்றி.

18,400 ரூபாய் முழுவதும் கணக்கில் தற்காலிக வரவாக வந்துவிட்டது. விசாரணை இன்னும் முடியவில்லை. ஏஇபிஎஸ் நிறுத்தக் கோரிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை, நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். புதுக் கணக்கு தொடங்கியாயிற்று.

ஐயா சொன்ன அந்த வரலாற்றுத் தாளை அச்சடித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அந்த மாதம் 4ஆம் தேதி ரேஷன் கடை: தோல்வி, தோல்வி, தோல்வி, வரிசையாக ஆறு முறை. 5ஆம் தேதி மறுபடி மூன்று தோல்வி, அப்புறம் ஒரு வெற்றி. 11ஆம் தேதி பகல் 11.42க்குப் பணம் எடுத்த பதிவு: ஒரே தடவை, வெற்றி. 12ஆம் தேதியும் ஒரே தடவை, வெற்றி. 11ஆம் தேதி அந்த நேரத்தில் அம்மா பீடிக் கடையில் இலை, தூள் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடைப் பதிவேட்டில் அன்றைய கணக்கு இருக்கிறது, கூட நின்ற நாலு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து சைபர் பிரிவில் கொடுத்துவிட்டேன்.

வக்கீல் ஐயா, ஒரு உதவி. பத்திர நகல் கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போது ரேகையை மறைத்துக் கொடுக்க வேண்டும் என்று சார்பதிவாளருக்கும் மேலிடத்துக்கும் ஒரு மனு எழுத விரும்புகிறேன். எங்கள் தெருவில் அந்த வருடம் பத்திரம் பதிந்த ஒன்பது குடும்பம் கையெழுத்துப் போடத் தயார்.


வைகைக்கரை_வக்கீல்:

இன்று ராத்திரியே வரைவு அனுப்புகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஒன்பது பேரின் ஆதார் நகலை இணைக்க வேண்டாம், பெயரும் பத்திர எண்ணும் போதும்.


நியாயவிலைக்கடை_ஊழியன்:

தம்பி, அந்தப் பக்கம் உள்ள கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான், பேசிவிட்டேன். கருவிழிக் கருவி வந்துவிட்டதாம். 6ஆம் தேதிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும், பகல் மூன்று மணிக்கு அம்மாவை வரச் சொல்லுங்கள். போகும் முன் பூட்டைத் திறந்துவிட மறக்காதீர்கள். கண் புரை ஆபரேஷன் ஏதும் செய்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அப்படியென்றால் முதலில் ஆதார் மையத்தில் கருவிழியைப் புதுப்பித்துவிட்டுப் போவது நல்லது.